பொலோனியாவுக்குப் போகாத வாரம்

தம்பி இத்தாலியில் பொலோனியா பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. படித்த மூன்று வருடமும், ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஃபோன் செய்வான். நாங்கள் அப்போது டெக்சாஸில், சுகர் லேண்டில் இருந்தோம். கணவருக்கு எனர்ஜி கம்பெனியில் வேலை. எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. பெண்ணுக்கு மூன்று வயது.

அவன் பேச்சில் முக்கால்வாசி சாப்பாடுதான். "சோமாசிய வேக வெச்ச மாதிரி ஒண்ணு இருக்குக்கா. உள்ள பனீர் மாதிரி, கீரை. மேல வெண்ணெய உருக்கி ஊத்துவான். நீ வா, வாங்கித் தரேன்" என்பான். ஊர் முழுக்கத் தூண் வைத்த நடைபாதைகளாம், கோயில் பிரகாரம் மாதிரி, மழையில் குடையே வேண்டாமாம்.

"கிரீன் கார்டு வரட்டும்டா, முதல் டிரிப் உங்கிட்டதான்" என்பேன். ஐந்து வருடமாக அதற்குக் காத்திருந்தோம்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை, அவனோடு அறையில் தங்கியிருந்த இத்தாலியப் பையன் கூப்பிட்டான். தம்பிக்குக் கடுமையான காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, அக்கா எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்றான்.

உடனே லாயருக்கு ஃபோன் போட்டேன். வெளியே போக அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும், அவசரம் என்று கேட்டாலும் சில நாள் ஆகும், அது இல்லாமல் கிளம்பினால் என் அப்ளிகேஷனைக் கைவிட்டதாக அர்த்தம் என்றார்.

கணவர் ஆபீஸிலிருந்து பாதியில் வந்துவிட்டார். "நீ போ. குழந்தைய நான் பாத்துக்கறேன். போனா போகட்டும், மறுபடி முதல்லேர்ந்து அப்ளை பண்ணலாம்" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

நான்தான், "காய்ச்சல்தானே, ரெண்டு நாள் பாக்கலாம்" என்றேன்.

இதை யார்மேலும் போட முடியாது. லாயர் சட்டத்தைச் சொன்னார். கணவர் போகச் சொன்னார். திருச்சியில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட்டே இல்லை. போகக்கூடியவள் நான் ஒருத்திதான். ஐந்து வருடக் காத்திருப்பு வீணாகுமே என்று தயங்கினேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் மறுபடி ஃபோன் வந்தது. மூளைக்காய்ச்சல். இருபத்தாறு வயது.

பதினொரு நாள் கழித்து அவனை விமானத்தில் சென்னைக்கு அனுப்பினார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று எழுதியிருந்ததாம். அம்மா பெட்டியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று சித்தி ஃபோனில் சொன்னாள். நான் சுகர் லேண்ட் சமையலறையில், ரிசீவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து கிரீன் கார்டு வந்தது. நண்பர்கள் கேக் வாங்கி வந்தார்கள். அடுத்த மாதமே தனியாகப் பொலோனியாவுக்குப் போனேன்.

அந்த அறைத்தோழன் ரயில் நிலையத்துக்கு வந்திருந்தான். ஒல்லியான பையன். என்னைப் பார்த்ததும், "அதே மூக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லி உடனே தலையைக் குனிந்துகொண்டான். காவி நிறச் சுவர்கள், பளபளவென்று தேய்ந்த தரை, தூணுக்குப் பின் தூண். தம்பி சொன்னதில் ஒன்றும் மிகையில்லை. மழையும் பெய்தது. நாங்கள் நனையவில்லை.

தம்பி வழக்கமாகச் சாப்பிட்ட கடைக்குப் பையன் அழைத்துப்போனான். பெயர் சொல்லிக் கேட்பதற்குள் கடைக்கார அம்மாளே அந்தச் சோமாசியைக் கொண்டுவந்து வைத்தாள். உருகின வெண்ணெயில் பொரித்த இலைகள். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன். ருசியாக இருந்தது. அவ்வளவு ருசியாக இருந்ததுதான் தாங்கவில்லை.

பையன் தண்ணீரை நகர்த்தி வைத்தான். பிறகு குற்றம்சாட்டும் தொனியே இல்லாமல், தெரிந்துகொள்ள மட்டும், திக்கித் திக்கிக் கேட்டான்: "அன்னிக்கு... ஆஸ்பத்திரியில நாங்க எல்லாரும் கதவையே பாத்துக்கிட்டு இருந்தோம். உங்களுக்கும் உடம்பு சரியில்லையா?"

"ஆமாம்" என்றேன்.

அவன் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "அப்படித்தான் இருக்கும்னு நான் அவன்கிட்ட சொன்னேன்" என்றான்.

சாயங்காலம் பையன் தம்பி இருந்த வீட்டைக் காட்டினான். இரண்டாவது மாடி. அவன் இடத்தில் இப்போது வேறொரு மாணவன் இருக்கிறானாம், வந்து பாருங்கள் என்றான். என்னால் படியேற முடியவில்லை. கீழே தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஹோட்டலிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா அழவில்லை.

"அவன் ரூம பாத்தியாடி? காத்து வருமா?"

"பாத்தேம்மா. பெரிய ஜன்னல். நல்லா காத்து வருது."

"சரி" என்றாள் அம்மா. பிறகு, "கட்டில் எந்தப் பக்கம் போட்டிருந்தான்?" என்று கேட்டாள்.

ஜன்னல் பக்கம் என்றேன்.