வால்காக்கை எடுத்த பிண்டம்

அப்பாவின் முதல் வருஷத் திதியன்று செம்பூரில் எங்கள் தெருவில் ஒரு காக்கையைக்கூடக் காணோம். மற்ற நாட்களில் சமையலறை ஜன்னல் வழியாக வந்து அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போகும் ஜாதி. அன்று பக்கத்துத் தெரு மின்கம்பியில் ஒன்று அடிபட்டுச் சாக, மொத்தமும் அங்கே கூடிக் கத்திக்கொண்டிருந்தது.

காம்பவுண்டுச் சுவரில் பிண்டத்தை வைத்துவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அண்ணாவுக்குத் தொண்டையே கட்டிவிட்டது. காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். அப்பா பார்த்து வைத்த மாட்டுங்கா வரனை நான் வேண்டாம் என்றதிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. பேசாமலே போய்விட்டார்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, சும்மா விடுவாளா?

"எங்கண்ணாவுக்கு இன்னும் மனசு ஆறலை. யாராலன்னு நான் வேற சொல்லணுமா?"

அம்மா முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போதுதான் மாமரத்திலிருந்து அது இறங்கியது. கரிய தலை, செங்கல் நிற உடம்பு, நீளமான சாம்பல் வால். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பிண்டத்தை இரண்டு கொத்துக் கொத்தியது. எள்ளும் சாதமுமாக ஒரு வாய் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது.

"ஏதோ பட்சி வந்து எச்சில் பண்ணிடுத்தே," என்றாள் அத்தை.

"வால்காக்கை, அத்தை. காக்காய் ஜாதிதான்," என்றேன்.

ஸ்டாஃப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் மராத்திக்காரி ஒரு பறவைப் பைத்தியம். அவள் சொன்னதையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினேன். இதில் பல வகை உண்டு. நம் பாலக்காட்டு மலையில் இருப்பதற்குக் கழுத்தும் வயிறும் வெள்ளை, இமயமலைப் பக்கம் சாம்பல், அந்தமானில் வேறொன்று, எல்லாமே காக்கைக்குப் பங்காளிகள்.

"பங்காளிக்குத் தீட்டு உண்டுன்னா பிண்டமும் உண்டுதானே?" என்றான் அண்ணா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"சாஸ்திரத்தில காக்காய்னுதான் இருக்கு. வாலைப் பத்தி ஒண்ணும் சொல்லலை," என்றாள் அத்தை.

"காக்காய்தான். நான் சொல்றேனே, காக்காய்தான்," என்றேன்.

செத்தவர் காக்கையாய் வருவார் என்பதை நான் நம்பியதே இல்லை. அப்பாவிடமே அதைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் அன்று அது காக்கையாக இருக்க வேண்டும் என்று என்னைப்போல் யாரும் தவித்திருக்க மாட்டார்கள்.

அம்மா வந்து என் கையைப் பிடித்தாள்.

"எடுத்துண்டுட்டார். நீ வா, இலை போடறேன்."

இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அழுதேன். அப்பா போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.