வராதவருக்கு ஒரு தட்டு

போலந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பிட உட்காருவார்கள். நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டு வந்து, மேஜைத் துணிக்கடியில் வைக்கோலைப் பரப்பி, எங்கள் இரண்டு பேருக்கும் மூன்று தட்டு வைத்தாள். இன்னும் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லையாம். ஆனால் இன்றைக்கு யார் கதவைத் தட்டினாலும் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும், அதற்குத்தான் அந்தத் தட்டு என்றாள்.

பீட்ரூட் சூப்பைக் குடிக்கத் தொடங்கினோம். காற்றில் கதவு லேசாக ஆடியதும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே அப்பா நிற்கிறார் என்றே நினைத்தேன்.

அப்பாவை மலை கொண்டுபோயிருந்தது. சாந்தன்பாறையில் அவர் வேலை பார்த்த ஏலத்தோட்டத்தில், பெருமழையில் தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டது என்று மேட்டுக்கு ஏறியவர்மேல் சரிவு இறங்கியது. தோண்டித் தோண்டிப் பார்த்தும் குடை மட்டும்தான் கிடைத்தது. உடம்பு இல்லாததால் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடமும் இல்லாமல் போனது. ஒரு சிலுவையாவது நட்டுப் பூசை வைத்துவிடலாம் என்று அம்மா போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரே பிள்ளை நான், நான் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அடிபட்டு நினைவு தப்பி, மலைக்குக் கீழே தேனிப் பக்கம் எங்கேயாவது இறங்கியிருப்பார் என்று வாதாடினேன். சினிமாவில்கூட இப்போது அப்படி எடுப்பதில்லை. இருந்தும் விடாப்பிடியாக நின்றேன்.

அதற்குப் பிறகு அங்கே இருந்த ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் அறையில் நானும் ஒரு வெறுந்தட்டு வைத்தேன். படிக்கட்டில் காலடி கேட்டால் கை அப்படியே நின்றுவிடும். அந்தக் காலடி மேல்மாடிக்கு ஏறிப் போய்விடும். 

போன வருஷம்தான் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தேன். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்து வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. பூசை முடிந்து வந்து, மத்தியானம் அம்மா சோறும் மாட்டுக்கறியும் எடுத்து வைத்தாள். நான் மூன்றாவதாக ஒரு தட்டு வைத்தேன். கைக்கு வந்ததை எடுத்தேன் என்றுதான் சொல்வேன். அது அப்பாவின் தட்டு. வெளியே மூடுபனி வாசல்படிவரை வந்திருந்தது.

போலந்து வழக்கத்தை அம்மாவுக்கு விளக்கினேன். தட்டு காலியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அம்மா காதில் வாங்கவில்லை. அதில் சோறு போட்டாள், கறி ஊற்றினாள், அப்பாவுக்குப் பிடிக்கும் என்று எலும்பாகத் தேடி எடுத்து வைத்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் பால் சேர்க்காத கட்டஞ்சாயா. மெழுகுவர்த்தி ஏற்றி, முக்காடு போட்டு முழந்தாளிட்டு, இறந்தவர்களுக்குச் சொல்லும் செபத்தை முதல் தடவையாக அவர் பெயர் சொல்லிச் சொன்னாள்.

“அம்மா, அது உசுரோட வாரவங்களுக்கு வைக்கிறது,” என்றேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவள் செபத்தை நிறுத்தவில்லை. முடித்துவிட்டு எழுந்து, அந்தத் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். செத்தவர்களுக்குப் படைத்த சோற்றைப் பிறகு வீட்டார் சாப்பிடுவது எங்கள் லயத்தில் இந்து வீடுகளின் வழக்கம். வேதக்காரர்களான நாங்கள் படைப்பதே இல்லை. பங்குச் சாமியார் கேள்விப்பட்டால் என்ன சொல்வாரோ, அம்மா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“அவுக சாப்பிட்டாச்சு. இனி நீ சாப்பிடு, ராசாத்தி.”

சோறு ஆறியிருந்தது. அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். ஒரு தடவைகூட வாசலைப் பார்க்கவில்லை. கடைசிக் கவளத்தையும் விழுங்கிவிட்டு, சிலுவைக்கு எந்த மரம் நல்லது என்று அம்மாவிடம் கேட்டேன்.