மேட்டுப் பக்கம் நடங்க

பஸ்ஸில் சீட்டுக் கொடுக்க மெஷின் வந்த வருஷம் விசில் அக்காவுக்கு வேலை போயிற்று. அரை ஆயுளைக் கண்டக்டராகவே ஓட்டியவள். நிற்கிற பஸ்ஸில் சண்டையை விலக்குவதிலும், ஓடுகிற பஸ்ஸில் தூங்கி வழிகிறவரை இறங்கவேண்டிய இடத்தில் தட்டி எழுப்புவதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேலைதான் போயிற்றே தவிர, பட்டப்பெயர் போகவில்லை. கட்டிய புருஷனே வீட்டுக்கு வந்தவர்களிடம், “விசில் இப்பதான் கடைக்குப் போச்சு” என்பார்.

சும்மா உட்கார்ந்தால் அவள் துருப்பிடித்துப் போவாள் என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் சிமென்ட் ஃபாக்டரி மேனேஜர் ஆள் விட்டு வேலைக்கு அழைத்தார். அவருடைய அறையில் ஊர்ப் படம் ஒன்று மேஜை முழுக்க விரிந்து கிடந்தது. அதன் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு.

“இது குழாய்ங்க. நம்ம புகைபோக்கியில வர்ற கரியமில வாயுவைப் பிடிச்சு, அழுத்தி, இது வழியா அனுப்பப் போறோம். ஊருக்கு அப்பால எரிவாயு எடுத்துத் தீர்ந்துபோன பழைய கிணறுங்க இருக்கே, அங்க ரொம்ப ஆழத்துல இறக்கி வச்சுடுவோம். ஜனங்க பயப்படுறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

“என்ன சொல்லணும்?”

“ஆபத்தே கிடையாதுன்னு சொல்லணும்.”

“கிடையாதா?”

மேனேஜர் பேனா மூடியைத் திறந்து மூடினார். “ரொம்ப ரொம்பக் குறைவு.”

“இதுவும் அதுவும் ஒண்ணு இல்லையே சார். முதல்ல எனக்குச் சுத்திக் காட்டுங்க. பாக்காத ரூட்ல நான் டிக்கெட் கிழிச்சதில்ல.”

சுற்றிக் காட்டியது ஓர் என்ஜினியர் பெண். அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். தலையைவிட ஹெல்மெட் பெரிது. சூளைக்குப் பக்கத்தில் நின்றபோது அனல் முகத்தில் அறைந்தது. அடுப்புக்கு நிலக்கரியை நிறுத்திவிட்டு வேறு எதையாவது போட்டால் புகை நின்றுவிடாதா என்று அக்கா கேட்டாள்.

“பாதி நிக்காது ஆன்ட்டி. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாத்தான் சிமென்ட். சுடும்போது கல்லுக்குள்ள இருந்தே வாயு வெளிய வருது. அடுப்பை மாத்தலாம், கல்லை என்ன செய்யறது? அதனாலதான் பிடிச்சுப் புதைக்கிறோம்.”

பிறகு ஆய்வு அறைக்குக் கூட்டிப்போய், பூமிக்கு அடியிலிருந்து எடுத்த இரண்டு கல் துண்டுகளை மேஜைமேல் வைத்தாள். ஒன்றின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். கல் அதை அப்படியே குடித்துவிட்டது. இன்னொன்றின்மேல் விட்ட சொட்டு அசையாமல் முத்துப்போல் உட்கார்ந்திருந்தது. முதல் கல்லுக்குள் வாயு போய் நிற்கும், இரண்டாவது கல் மேலே மூடியாக இருக்கும் என்றாள்.

அக்கா அந்தச் சொட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “கீழ பத்திரமா இருக்கும், சரி. வழியில குழாய் கசிஞ்சா?”

அந்தப் பெண் மழுப்பவில்லை. அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காற்றைவிடக் கனம், அதனால் பள்ளம் பார்த்துப் போய்த் தேங்கும். நிறையச் சேர்ந்தால் மூச்சு முட்டும். வண்டி எஞ்சின்கூட நின்றுபோகும். ஆகவே ஓடவேண்டிய திசை ஒன்றே ஒன்று: மேடு.

பள்ளம் என்றதும் அக்காவுக்கு அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். அவள் கூடப்பிறந்த அண்ணன் மெக்கானிக் பட்டறை வைத்திருப்பது பள்ளத் தெருவில். குழாயை எதிர்த்து முதல் பலகையை எழுதிக் கதவில் மாட்டியவரும் அவர்தான்.

அந்தத் தெருவை வெள்ளம் ஏற்கெனவே இரண்டு முறை பதம் பார்த்திருந்தது. முன்னெல்லாம் கணுக்காலோடு நின்ற தண்ணீர், இப்போது பட்டறைக்குள் ஆளுயரம் ஏறி, பிரித்துப் போட்ட எஞ்சின்களை எல்லாம் சேற்றில் முக்கிவிட்டுப் போனது. வானம் கெட்டுப்போனதை அண்ணனுக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அதற்கு மருந்தென்று சொல்லித் தன் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குழாயைக் கொண்டுவருவதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். அக்கா எழுந்ததும் அண்ணனும் எழுந்தார்.

“பேசப் போறது என் தங்கச்சிதான். சின்ன வயசுல இருந்தே பொய் சொன்னா அவளுக்குக் காது சிவக்கும். எல்லாரும் காதைப் பாத்துக்குங்க.”

ஹாலே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டு, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

“நல்லா பாருங்க. இந்தக் குழாய் கசியவே கசியாதுன்னு நான் சொல்ல வரல. கசியலாம். கசிஞ்சா சங்கு ஊதும், ரெண்டு பக்க வால்வும் தானா மூடிக்கும். நீங்க பண்ண வேண்டியது ஒண்ணுதான், மேட்டுப் பக்கம் நடங்க. வண்டியை எடுக்காதீங்க, அதுவும் வழியில நின்னுபோகும்.” முன்வரிசையில் மேனேஜருக்கு வியர்த்தது. அவள் நிறுத்தவில்லை. “இதை மட்டும் செஞ்சா மழை நாளைக்கே ஒழுங்கா பெய்யுமான்னு கேட்டா, பெய்யாது. உலகத்துல எத்தனையோ புகைபோக்கி இருக்கு. ஆனா நம்ம தலைக்கு மேல இருக்கறது இது. இதை நாம மூடலாம்.”

“காது சிவக்கலையே” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அண்ணன் உட்கார்ந்தார். ஆனால் பலகையை எடுக்கவில்லை.

அதன்பிறகு அவள் வீடு வீடாகப் போனாள். நடக்க முடியாதவர்களை யார் அழைத்துப் போவது என்று தெருவுக்குத் தெரு பேசி முடிவு செய்தாள். ஒத்திகை வைத்தபோது சிலர் வேண்டாவெறுப்பாக வந்தார்கள். சிலர் பிள்ளைகளை மட்டும் அனுப்பினார்கள். அண்ணன் வாசலில் நின்று, “ஊர்வலம் நல்லாருக்கு” என்று கிண்டல் செய்தார். ஆனால் வண்டி ஏன் நின்றுபோகும் என்று அன்று சாயங்காலமே போன் போட்டுக் கேட்டார்.

“உனக்குத் தெரியாததா அண்ணே? எஞ்சினுக்கும் காத்து வேணுமே.”

“அதானே” என்று வைத்துவிட்டார்.

குழாயில் வாயு விட்டுப் பார்த்த முதல் வாரத்திலேயே, ஒரு காலை நேரம், சங்கு ஊதியது.

அக்கா அப்போது கடைத்தெருவில் இருந்தாள். கால்கள் தாமாகவே பள்ளத் தெருவைப் பார்த்துத் திரும்பின. இரண்டு எட்டு வைத்தபிறகுதான் உறைத்தது: கீழே போகக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவளே தான்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டை நோக்கி நடந்தாள். அந்தச் சில நிமிஷம் அவள் பட்ட பாட்டை அவளே பிறகு புருஷனிடம் மட்டும்தான் சொன்னாள்.

பள்ளத் தெருவில் ஒருவர் பதறிப்போய் வேனைக் கிளப்பப் பார்த்தாராம். அண்ணன் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, “எஞ்சினுக்கும் மூச்சு முட்டும்யா, நட” என்று முதுகில் தட்டித் தள்ளியிருக்கிறார். நடக்க முடியாத அடுத்த வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு, எண்ணெய்க் கையும் வியர்வையுமாக அவர் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு வந்து சேர்ந்ததைக் கண்டபோதுதான் அக்காவுக்கு உயிர் வந்தது.

ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வால்வின் இணைப்பைக் கசியாமல் இறுக்குகிற கேஸ்கெட் பிளந்து கொஞ்சம் கசிந்திருக்கிறது. வாயு வால்வைச் சுற்றியிருந்த வேலியைத் தாண்டி வருவதற்குள் வால்வுகள் மூடிக்கொண்டன. ஆனால் மேட்டில் நின்ற கூட்டம் கொதித்தது. “பாத்தியா, சொன்னோமில்ல?” என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அக்கா மேனேஜருக்குப் போன் செய்தாள். “ஆபீஸ்ல இருந்து மைக்ல சொல்லாதீங்க சார். இங்க வாங்க. நான் பக்கத்துல நிக்கறேன்.”

அவர் வந்தார். வந்ததும் சுற்றி வளைக்காமல், தப்பு எங்கள் பக்கம் என்றார். அதே வகைக் கேஸ்கெட் இன்னும் பல இடத்தில் இருக்கிறது, அத்தனையையும் மாற்றாமல் குழாயைத் திறக்கமாட்டோம் என்றும் சொன்னார். கூட்டத்தில் முணுமுணுப்பு இருந்தது, கூச்சல் அடங்கிவிட்டது.

“மாத்தும்போது நான் வந்து பாப்பேன்” என்றார் அண்ணன்.

“தாராளமா வாங்க.”

போய்ப் பார்த்தார், ஒவ்வொன்றாகத் தொட்டும் பார்த்தார். குழாயைத் திரும்பத் திறந்த நாளில், தன் கையாலேயே பலகையைக் கழற்றிப் பட்டறையில் அலமாரித் தட்டாக அடித்துக்கொண்டார். நல்ல மரம், வீணாக்குவானேன் என்று விளக்கமும் சொன்னார்.

இப்போது புகைபோக்கியிலிருந்து வருவதில் பெரும்பகுதி பூமிக்குள் போகிறது. மாதா மாதம் ஊர்க்காரர்களும் ஃபாக்டரிக்காரர்களும் கூடிப் பேசுகிறார்கள். அந்தக் கூட்டங்களில் அக்கா உட்காருவது ஊர்க்காரர்கள் பக்கம், சம்பளம் தருவது ஃபாக்டரி. இது எப்படி என்று மேனேஜர் ஒருதரம் கேட்டதற்கு, “அப்பவும் சம்பளம் கம்பெனிதான் கொடுத்துது, பஸ்ஸுல நான் நின்னது ஜனங்களோடதானே சார்” என்றாள்.

போன கூட்டத்தில் பேச்சு அடுப்பைப் பற்றி வந்தது. நிலக்கரியை முழுக்க நிறுத்துவது பற்றி ஆலோசித்து வருகிறோம், அடுத்த வருஷம் ஆரம்பிக்கலாம் என்றார் மேனேஜர். அண்ணன் தலையாட்டினார். அக்கா ஆட்டவில்லை.

“அடுத்த வருஷம்னா, எந்த மாசம் சார்?”

அவர் என்ஜினியர் பெண்ணைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு காலம் பிடிக்கும் என்று சொல்லத் தொடங்கினாள்.