ஜீவராணியின் இருபது தோள்வார்கள்

தலவாக்கலை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு மாடியில் ‘மலைச்சாரல் தொழில் முயற்சியாளர் கூட்டுப் பட்டறை’ திறந்து ஒன்றரை வருடமாகிறது. புதுப் பொருள் ஒன்றை யோசித்தவர்கள் அங்குள்ள பொது மெஷின்களில் செய்து பார்த்து, பிறகு ஊருலகத்துக்கு விற்கலாம் என்பது ஏற்பாடு. அங்கத்தவர் பதினான்கு பேர். இதுவரை உற்பத்தியானவை இரண்டு: அங்கத்தவர்களின் விசிட்டிங் கார்டு, பார்வையிட வரும் பெரிய மனிதர்களுக்குப் பெயர் வெட்டிக் கொடுக்கும் சாவிக்கொத்து.

பதினைந்தாவதாகச் சேர்ந்தவள் ஜீவராணி. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம், ஒரு தையலும் கோணாமல் தைத்தவள். ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தால், பெண்கள் இன்னமும் தேயிலைக் கொழுந்துப் பையை நெற்றியில் கயிறு மாட்டித்தான் சுமக்கிறார்கள். பாரத்தைத் தோளுக்கும் இடுப்புக்கும் பிரிக்கிற வார் ஒன்றை அவள் தைத்தாள். ஏழு தடவை பிரித்து, எட்டாவது தடவை திருப்திப்பட்டாள்.

“புதன்கிழமை இருபது கொண்டு வா. பொம்பளைங்க போட்டுப் பார்க்கட்டும். சரின்னா நானூறு வார் எடுக்கிறேன்” என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. சரிவராவிட்டால் மறுபடியும் கட்டுநாயக்கவுக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

நைலோன் வாரைக் கத்தரியால் வெட்டினால் ஓரம் பிசிறும். லேசர் மெஷினில் வெட்டினால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை பட்டறைக்குப் போனால், மெஷினின் முனை அங்குமிங்கும் ஓடியதே தவிர ஒரு நூலைக்கூட வெட்டவில்லை.

“வாசனையைப் பாருங்க தங்கச்சி, கமகமன்னு சந்தனம்!” என்றார் பட்டறை முகாமையாளர் கஜேந்திரன். “வெள்ளிக்கிழம ஆயுத பூஜை செஞ்சமில்ல? பலிச்சிருச்சு.”

“எங்கெங்க பொட்டு வச்சீங்க சார்?”

“எல்லாத்துக்குந்தான். மூடியைத் தொறந்தா உள்ளுக்குள்ள கண்ணு மாதிரி ஒரு கண்ணாடி இருந்திச்சு. அதுக்கு நல்லாப் பெருசா வச்சேன்.”

“அதுல பட்டுத்தான் சார் வெளிச்சம் திரும்பி வந்து வெட்டும். சந்தனம் கருகிற வாசம் இது. தொடைக்கணும்.”

“பூஜை பண்ணின பொட்டையா? கொழும்புல இருந்து டெக்னீஷியன் வருவாரு, லெட்டர் போட்டாச்சு. நாளைக்கு ‘தோல்வியைத் தாங்குவது எப்படி’ன்னு பயிற்சி இருக்கு, வந்து உக்காருங்க.”

“தோக்கிறதுக்கு முன்னாடியேவா சார்?”

கஜேந்திரன் தேத்தண்ணிக்கு இறங்கியதும், ஜீவராணி மெஷினை நிறுத்தி, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, கண்ணாடியை மூன்று தடவை மெதுவாகத் துடைத்தாள். அவர் திரும்பி வந்தபோது வார்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றைய அறிக்கையில், ‘பூஜையின் பின் இயந்திரம் சிறப்பாக இயங்குகிறது’ என்று எழுதினார்.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போகாமல் அவள் இருபதையும் தைத்து முடித்தாள்.

புதன்கிழமை காலையில், கொழுந்து பறிக்கும் பெண்களில் மீனம்மாதான் முதலில் மாட்டிப் பார்த்தாள். வாயாடி. “என்னாடி இது, பள்ளிக்கூடப் புள்ள மாதிரி! ஏத்தத்துல என்னைக் கவுத்துப்புடாத.”

மதியம் கொழுந்தை எடை போட்டு முடிந்ததும், வார்களைக் கழற்றித் தரச் சொன்னார் துரை. மீனம்மா அசையவில்லை.

“அந்திக்கும் மலைக்குப் போகணுமில்ல தொர? வேணும்னா கயித்த நீங்க எடுத்துக்குங்க.”

மற்ற பத்தொன்பது பேரும் வாரின்மேல் கையை வைத்துக்கொண்டார்கள். துரை ஜீவராணியின் பக்கம் திரும்பினார்.

“நானூறையும் எப்ப தருவ?”

அவள் கண் மீனம்மாவின் இடுப்பிலேயே இருந்தது.

“எடப்பக்கத் தையல் கொஞ்சம் இழுக்குது சார். அதை ரெட்டையாப் போடணும். மூணு கெழம குடுங்க.”