பின்னால் நிற்பவள்

புஷ்பவள்ளி பால் பாக்கெட் வாங்கினால் முதலில் தேதியைப் பார்ப்பாள். பிறகு அந்தத் தேதியை யாராவது அழித்து எழுதியிருக்கிறார்களா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். லிஃப்ட் வரை போய், திரும்பி வந்து, இன்னொரு முறை இழுப்பாள். அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள் என்பது அடுத்த வீட்டில் இருக்கும் எனக்கு அந்தச் சத்தத்தில்தான் தெரியும். அவள் புருஷன் தயாளன் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஓவர்டைம் என்று அவர் சொன்னால் கப்பலின் பெயரைக் கேட்பாள். பாவம் மனிதர், பெயரைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார்.

இந்தக் குணத்துக்கு ஒரு கம்பெனி சம்பளமும் கொடுக்கிறது. பாயான் லெப்பாஸில் நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலை. நான் பேக்கிங், அவள் சோதனைப் பிரிவு. நல்லது என்று மற்றவர்கள் அனுப்பும் சர்க்யூட் போர்டுகளை லென்சுக்குக் கீழே வைத்து, அதில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த லென்சைக் கழற்றி வைக்க அவளுக்குத் தெரியாது. நான் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தால்கூட, "என்னடி விசேஷம்?" என்று கேட்டுத்தான் கிண்ணத்தை வாங்குவாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை அது.

இப்படிப்பட்டவள் ஒரு சியர்லீடிங் குழுவை ஆரம்பித்தாள். பெண்பிள்ளைகளில் ஒருத்தியை மற்றவர்கள் தூக்கி, தலைக்கு மேலே நிறுத்தி, பாட்டுக்கு ஏற்ப எறிந்து பிடிப்பார்களே, அந்தப் போட்டிக்குப் போகும் குழு. ஆரம்பித்ததற்குக் காரணமும் சந்தேகம்தான்.

மகள் தனுஜாவுக்கு அப்போது பதினைந்து வயது. டியூஷன் முடிந்து தாமதமாக வர ஆரம்பித்தாள். முழங்கையில் சிராய்ப்பு, முகத்தில் சிரிப்பு. புஷ்பாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"எவனோ ஒரு பையன் இருக்கான், குமுதா" என்றாள் என்னிடம். "இன்னிக்குக் கையும் களவுமா புடிக்கிறேன் பாரு."

என்னை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். எதிர் பிளாட்டின் பூப்பந்துத் திடல் பக்கம், ஒரு வேனுக்குப் பின்னால் ஒளிந்து நின்றோம். அடையாளம் தெரியக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பார்த்தால் பையன் யாரும் இல்லை. தனுஜா, அவள் வகுப்புத் தோழி ஃபாத்தின், இன்னும் சில பிள்ளைகள். போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, மூன்று பேர் சேர்ந்து தனுஜாவைச் சிமெண்டுத் தரைக்கு மேலே தூக்கி நிறுத்தினார்கள். அவள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பிள்ளை அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புஷ்பா ஹெல்மெட்டோடு ஓடினாள்.

"எறங்குடி! விழுந்தா யாருடி புடிப்பா?"

ஹெல்மெட் போட்ட உருவம் ஓடி வருவதைக் கண்டு கீழே இருந்தவர்கள் அலறியதில் தனுஜா நிஜமாகவே விழப் பார்த்தாள்.

இனிமேல் இதெல்லாம் கிடையாது என்று சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் கேன்டீனில் என்னிடம் வேறு கணக்குச் சொன்னாள். "தடுத்தா வேற எங்கயாவது போயித் தூக்குவாளுங்க. எனக்குத் தெரியவே தெரியாது. அதுக்கு என் கண்ணு முன்னாலயே தூக்கட்டும். நானே பக்கத்துல காவலுக்கு நின்னு ஜாகா பாக்குறேன்."

பள்ளியில் கேட்டதற்கு, பாதுகாப்புப் பயிற்சி முடித்த பெரியவர் ஒருவர் பயிற்சியாளராக இருந்தால் குழுவைப் போட்டிக்குப் பதியலாம் என்றார்கள். புஷ்பா கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வகுப்பு நடத்தியவர் வாட்டசாட்டமான ஓர் இளைஞர். அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே இவள் கையைத் தூக்கினாள்.

"சார், நீங்க யாரையாச்சும் கீழ விட்டிருக்கீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "விட்டிருக்கேன். என் தங்கச்சியையே" என்றார்.

புஷ்பா உடனே உட்கார்ந்து, அதன் பிறகு அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டாள். விட்டதே இல்லை என்று சொல்லியிருந்தால் அப்போதே எழுந்து வந்திருப்பேன் என்று திரும்பும் வழியில் சொன்னாள்.

குடியிருப்பின் பொது மண்டபத்தில், ஜூடோ கழகம் ஒன்று விற்ற பழைய மெத்தைகளை விரித்துப் பயிற்சி தொடங்கியது. ஒவ்வொரு மெத்தையிலும் அவளே குதித்துப் பார்த்தாள். என்னையும் குதிக்கச் சொன்னாள். "உன் வெயிட்டத் தாங்கினா எதையும் தாங்கும்லா" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தேன்.

ஆரம்பத்தில் பல வாரங்களுக்கு அவள் பிள்ளைகளைத் தூக்கவே விடவில்லை. விழுவதற்கும் பிடிப்பதற்கும் மட்டும்தான் பயிற்சி. ஒருத்தி பெஞ்சில் ஏறி நின்று பின்பக்கமாகச் சாய்வாள். மற்றவர்கள் பிடிக்க வேண்டும். யார் எப்போது சாய்வாள் என்று புஷ்பா முன்கூட்டிச் சொல்ல மாட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போது சாய்வாள், தண்ணீர் குடிக்கும்போது சாய்வாள். மண்டபத்துக்கு வேறு வேலையாக வந்தவர்கள், இது என்ன விழுகிற விளையாட்டா என்று கேட்டுச் சிரித்தார்கள். வளையல், மோதிரம், கம்மல் எதுவும் கூடாது. நகத்தை அவளே பிடித்து வெட்டிவிடுவாள். முஸ்லிம் பிள்ளைகள் தலையில் கட்டும் தூடோங்கில் ஊசி குத்தக் கூடாது என்று சொல்லி, ஊசி தேவைப்படாத விளையாட்டுத் தூடோங்காகத் தேடி வாங்க வைத்தாள்.

பிறகு யார் எங்கே என்று பிரித்தாள். பின்னால் நின்று, மேலே இருப்பவள் விழுந்தால் தலையும் தோளும் தரையில் படாமல் பிடிக்கிறவளை 'பேக்ஸ்பாட்' என்பார்கள். நல்ல உயரமும் நீளமான கைகளும் இருந்ததால் அந்த இடம் ஃபாத்தினுக்குப் போனது. புஷ்பாவுக்கு மனமே இல்லை. ஃபாத்தின் எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண். "எப்பப் பாரு சிரிக்கிறா. சிரிக்கிறவ கையி எப்படிடி இறுகும்?" என்று என்னிடம் புலம்பிக்கொண்டே, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

மேலே ஏறுகிற இடம் ஃபாத்தினின் தங்கை சலேஹாவுக்கு. தனுஜாவும் அதே எடைதான். ஏறுவதில் அவளுக்குத்தான் ஆசையும் துணிச்சலும். ஆனால் அம்மா அவளைக் கீழே தாங்குகிறவர்களில் ஒருத்தியாக நிறுத்திவிட்டாள். கேட்டால், "உனக்கு எலும்பு பத்தாது" என்பாள். எலும்பு பத்தாதவளைத் தாங்க நிறுத்துவார்களா என்று நான் கேட்டதற்கு, விரித்திருந்த மெத்தையை மறுபடி இழுத்துச் சரிசெய்தாள். சலேஹா மேலே போகும்போதெல்லாம் தனுஜாவின் முகம் வாடும். பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும்.

சலேஹா, ஃபாத்தின் இருவருக்கும் அப்பா ஜபருல்லா. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் குழுவுக்குச் சோற்றுப் பொட்டலம் அனுப்புவார். புஷ்பா பொட்டலத்தைப் பிரித்து, கோழி நேற்றையதா என்று மோந்து பார்ப்பாள். "எதுக்குடி சும்மா அனுப்புறாரு?" என்பாள். அனுப்புகிறவர் ஒருநாள்கூடப் பயிற்சியை எட்டிப் பார்த்ததில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய சந்தேகம். ஒருநாள் பொறுக்க முடியாமல் என்னையும் ஏற்றிக்கொண்டு கடைக்கே போய்விட்டாள்.

"ரெண்டு மகளையும் அனுப்புறீங்க. ஒருநாளுகூட வந்து பாக்கலியேண்ணே?"

ஜபருல்லா ஒரு தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார். "நீங்கதான் பாக்குறீங்களே தங்கச்சி. நா வேற எதுக்கு?"

கடையை விட்டு வெளியே வந்து புஷ்பா மோட்டாரை எடுத்தாள். பிறகு, "இந்த மனுசன் என்னத்தையோ மறைக்கிறாரு" என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

போட்டி நெருங்கிய சமயத்தில் சலேஹாவுக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் போட்டிக்குள் எழுந்து நடமாட முடியாது. புஷ்பா எல்லாரையும் உட்கார வைத்து, பெயரை வாபஸ் வாங்கிவிட்டு அடுத்த வருஷம் போகலாம் என்றாள். தனுஜா தலையைக் குனிந்துகொண்டாள். ஃபாத்தின் எழுந்து நின்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, தனுஜாவுக்கு எல்லா ஸ்டெப்பும் தெரியும். அவ ஏறட்டும்."

"அவளுக்கு எலும்பு..."

"என் தங்கச்சிய இவ்ளோ நாளு எங்க கைய நம்பித்தானே ஏத்துனீங்க? சலேஹாவுக்கு ஓகேன்னா தனுஜாவுக்கு ஏன் ஓகே இல்ல?"

 புஷ்பா கத்தப் போகிறாள் என்று பயந்தேன். அவள் கத்தவில்லை. அவள் முகம் சிறுத்துப் போனது. தன் பிள்ளையைப் பத்திரமாகக் கீழே வைத்துக்கொண்டு ஊரான் பிள்ளையை மேலே ஏற்றியிருக்கிறாள். அவளுக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, மெத்தைகளைத் தனியாக அடுக்கினாள். உதவப் போன என்னையும் விரட்டினாள்.

அடுத்த பயிற்சியில், யார் முகத்தையும் பார்க்காமல், "தனுஜா, ஏறு" என்றாள்.

தனுஜா ஏறினாள். அவள் தாங்கிய இடத்துக்கு இன்னொரு பிள்ளை வந்தாள். அம்மா தனுஜாவுக்கு நேர் பின்னால் கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். ஃபாத்தினுக்கு நிற்க இடமில்லை.

"ஆன்ட்டி, நீங்க நிக்கிற எடத்துலதான் நா நிக்கணும்."

புஷ்பா அரை அடி நகர்ந்தாள். கையை மட்டும் இறக்கவில்லை. போட்டி நாள் வரை அப்படியேதான்.

செபராங் ஜெயாவில் ஓர் உள்ளரங்கத்தில் போட்டி. பயிற்சியாளர்கள் மேடை விரிப்புக்கு வெளியே, கோட்டைத் தாண்டாமல் நிற்க வேண்டும். தாண்டினால் புள்ளி குறையும் என்று ஏற்பாட்டாளர் சொன்னார்.

"புள்ளி போனா போவுது. விழுந்தா நா ஓடுவேன்" என்றாள் புஷ்பா.

தனுஜா அதைக் கேட்டுவிட்டாள். நேராக அம்மாவிடம் வந்தாள். "ஓடி வராதம்மா. நீ வந்தீன்னா, எங்க யாரையும் நீ நம்பலன்னு அர்த்தம். அப்புறம் நா ஏறவே மாட்டேன்."

புஷ்பா குனிந்தாள். மகளின் ஷூக் கயிற்றை இழுத்துப் பார்த்து, இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் இரண்டு தூக்கலும் நன்றாகவே போயின. கோட்டுக்கு இந்தப் பக்கம் புஷ்பா என் கையைப் பிடித்திருந்தாள். நான் மற்றொரு கையில் போனை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசித் தூக்கலில் தனுஜா ஒற்றைக் காலில் நின்றாள். நின்றவளின் கணுக்கால் ஆட ஆரம்பித்ததை நான் பார்த்தேன்.  புஷ்பாவின் நகங்கள் என் சதையில் இறங்கின. இதோ ஓடப் போகிறாள் என்று நினைத்தேன். தனுஜா பின்பக்கமாகச் சாய்ந்தாள், அந்த மண்டபத்துப் பெஞ்சில் இருந்து சாய்ந்த மாதிரியே.

ஃபாத்தின் ஒரு எட்டு வைத்து இரண்டு அக்குளுக்குள்ளும் கையைக் கொடுத்து ஏந்தினாள். மற்ற இருவரும் காலைப் பிடித்துக்கொண்டார்கள். தனுஜாவின் தலை இடித்து ஃபாத்தினின் உதடு கிழிந்தது. ரத்தம் வடிய வடிய, அந்தப் பெண் பல்லைக் காட்டிச் சிரித்தபடி அடுத்த அடியை எடுத்து வைத்தாள். தனுஜாவின் முதுகு தரையைத் தொடவே இல்லை. அரங்கம் கைதட்டியது.

திரும்பிப் பார்த்தேன். புஷ்பா கோட்டைத் தாண்டவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய இரண்டு கண்களும் இறுக்க மூடியிருந்தன.

விழுந்ததற்குப் புள்ளி போய், குழு ஐந்தாவதாக வந்தது. புஷ்பா ஃபாத்தினின் உதட்டில் ஐஸ் வைத்து அழுத்தியபடி, மற்றொரு கையால் சான்றிதழ்களைப் புரட்டி, எல்லாருடைய பெயரும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். ஜபருல்லாவுக்கு அவளே போன் போட்டு உதடு கிழிந்த விஷயத்தைச் சொன்னாள். வேனில் ஏறியதும் டிரைவரிடம் நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று விசாரித்தாள். இவளாவது மாறுவதாவது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கடல் பாலத்தின் மேல் போகும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நான் போனை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"நீதான் கண்ண மூடிட்டியே. விழுந்தத, புடிச்சத, எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். பாரு."

பால் பாக்கெட்டின் தேதியை நம்பாதவள், கட்டிய புருஷனிடம் கப்பல் பெயர் கேட்கிறவள், போனை என் பக்கமே தள்ளினாள்.

"எதுக்கு? பின்னால ஃபாத்தின்தானே நின்னா" என்றாள்.