திலகவதி அக்காவின் முதல் ஓட்டு

சனிக்கிழமை காலை மகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். கைபேசி விடாமல் ஒலித்தது. கலிபோர்னியாவில் எங்கள் சான் ரமோன் தமிழ் வாட்ஸாப் குழுவில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுதினால் ஒன்று தேர்தலாக இருக்கும், இல்லை கெட்ட செய்தியாக இருக்கும். இப்போது தேர்தல் எதுவும் இல்லை. வண்டியை ஓரம்கட்டிப் படித்தேன். திலகவதி அக்கா போய்விட்டார். என் முகத்தைப் பார்த்த மகள், "இஸ் இட் தி ஓட்டு ஆன்ட்டி?" என்றாள். ஆமாம் என்றேன். அன்று நாங்கள் நீச்சலுக்குப் போகவில்லை.

பழையவர்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. மனிதர்களிடமும் கண்டுபிடிப்பார், ஆனால் ரிப்போர்ட் எழுத மாட்டார். எந்த டே கேர் நல்லது, புடலை விதை யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வதற்காகத் தொடங்கிய குழு இது. அதை நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுச்சாவடி ஆக்கியவர் அக்காதான். அதிபர் தேர்தல் வந்தால் தலைக்கு ஒரு பதிவு: யாருக்கு ஓட்டு, ஏன். அந்த 'ஏன்' அவரவர் வீட்டிலிருந்து வர வேண்டும், ஃபார்வர்ட் கூடாது. ஒரு நாள் முழுக்க யாரும் யாருக்கும் பதில் எழுதக் கூடாது. "யாருக்குப் போட்டீங்கன்னு சொல்லுங்க, ஏன்னு சொல்லுங்க. அடுத்தவங்க ஏன் போட்டாங்கன்னு மட்டும் நீங்க சொல்லாதீங்க" என்பார்.

இதில் வேடிக்கை, சென்ற தேர்தல் வரை அவருக்கு ஓட்டே கிடையாது. முதலில் கிரீன் கார்டுக்கும், அது வந்தபின் குடியுரிமைக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கடைசிப் பதிவு எப்போதும் அவருடையது: "எனக்கு ஓட்டு இல்லீங்க. எல்லாத்தையும் படிச்சாச்சு."

அவர் போட்ட விதியை உடைத்த பெருமை என்னையே சேரும். முன்கோபம் எங்கள் குடும்பச் சொத்து. சென்ற தேர்தலுக்கு முந்தைய தேர்தலில், நியூ ஜெர்சியில் பார்சிப்பனிக்குக் குடிபோன நண்பன் கிருபா எழுதியதைப் பாதி படித்ததுமே, "இதுக்குத்தான் எஞ்சினியரிங் படிச்சியா?" என்று கீழே பதில் போட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன்.

"தம்பி, கிருபா எழுதுனதச் சத்தமாப் படிங்க."

"படிச்சிட்டேன்க்கா."

"எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். வேலையை விட்டுவிட்டு அவன் ஆரம்பித்த டிபன் கடைக்குத் தொற்றுக் காலத்தில் ஆள் வரவில்லை. சமையல்காரரிடம் நாளையிலிருந்து வராதீர்கள் என்று சொல்ல நாக்கு எழாமல், மாதக்கணக்கில் இருவரும் வெறும் கடையில் உட்கார்ந்திருந்ததை எழுதியிருந்தான். இந்த முறை கடைசி வரி வரை படித்தேன். "உங்க ஓட்ட மாத்த வேண்டாங்க. அவரு எதுக்குப் போட்டாருன்னு தெரிஞ்சாப் போதும்" என்று அக்கா போனை வைத்தார். அன்றே கிருபாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சென்ற தேர்தலுக்குள் அக்கா குடியுரிமை வாங்கிவிட்டார். அப்போது புற்றுநோய்க்குக் கீமோவும் நடந்துகொண்டிருந்தது. யாருக்கு ஓட்டு என்று முதல் முறையாக எழுதினார். "இருபது வருசம் வரிசையில நின்னவ நான். வரிசையில நிக்கறவங்க நெனப்பு இவங்க பேச்சுலதான் இருந்துச்சுங்க" என்று காரணமும் சொன்னார். என் ஓட்டுக்கு நேர் எதிர். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இந்த முறை விதியை மீறவில்லை.

தேர்தல் முடிந்து, யார் ஜெயித்தார் என்பது உலகத்துக்கே தெரிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு மதியம் அக்காவுக்கு ரசம் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தார். பிரிக்காமல் குவிந்திருந்த தபால்களில் ஒன்றைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். தபால் ஓட்டின் உறைமேல் இருந்த கையெழுத்து, பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். அன்று மாலை ஐந்து மணிக்குள் சரிசெய்யாவிட்டால் ஓட்டை எண்ண மாட்டார்கள்.

"எப்படிக்கா கையெழுத்துப் போட்டீங்க?"

"தமிழ்லங்க" என்றார். "பேங்குக்கும் ஆபீசுக்கும் இங்கிலீசுல போட்டுப் போட்டுச் சலிச்சுப்போச்சு. மொத ஓட்டாச்சே, தமிழ்ல போடுவோம்னு தோணுச்சு."

மணி மூன்றரை. ஈமெயிலிலும் அனுப்பலாம் என்று கடிதத்தில் இருந்தது. "வேண்டாங்க. நேர்ல போயி, நாந்தான் போட்டேன்னு சொல்லோணும்" என்றார். பத்தடி நடந்தால் உட்கார வேண்டிய நிலையில் இருந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தாமதமானால் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு ஓட்டுக் குறையும் என்று ஒரு கணம் என் புத்தி போனது. அடுத்த கணமே என்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. பக்கத்துச் சீட்டில் கண்ணை மூடியிருந்த அக்கா, "ஏனுங்க தம்பி, உங்க ஓட்டும் எம்பட ஓட்டும் கழிஞ்சுபோகுது. இதுக்குப் போயி இத்தன தூரம் கூட்டிட்டுப் போறீங்களே?" என்றார்.

"கழியணும்னாலும் மொதல்ல எண்ணணும்லக்கா" என்றேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தேர்தல் அலுவலகத்துக்குள் நுழைந்தோம். கவுன்ட்டரில் இருந்த பெண் லைசென்சை வாங்கிப் பார்த்துவிட்டுப் படிவத்தைக் கொடுத்தார். அக்கா நிதானமாக ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்தும், அதன் கீழே தமிழில் ஒன்றும் போட்டார். "விச் ஒன் இஸ் யூ, மேம்?" என்றார் அந்தப் பெண். "போத்" என்றார் அக்கா. அந்தக் கம்பீரத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் யாரிடமும் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, ஓட்டு எண்ணப்பட்டுவிட்டது என்று வந்த தகவலை அப்படியே குழுவில் போட்டார். குழு கொண்டாடித் தீர்த்துவிட்டது. அவருக்கு எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டவர்கள்தான் அதிகம் குதித்தார்கள். டெக்சாஸிலிருந்து ஒருவர் விசில் அடித்தே அனுப்பினார். கிருபா தன் கடையில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கேசரி கொடுத்தான். எதற்கு என்று கேட்ட வெள்ளைக்காரரிடம், "மை சிஸ்டர் வோட்டட்" என்றானாம்.

அதுவே அவர் போட்ட முதல் அதிபர் ஓட்டு. கடைசி ஓட்டும் அதுதான். அழுகையாக வருகிறது, ஆனால் நோயிடம் தோற்றுப் போனவரைப் பற்றி எழுதுவதாக எனக்குத் தோன்றவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒன்று. இந்த நாட்டில் நான் போட்ட ஓட்டுகளில் சில ஜெயித்தன, சில தோற்றன. எதற்காகவும் நான் மார்தட்டிக்கொண்டதில்லை. மார்தட்டிச் சொல்ல ஒரே ஒரு ஓட்டு இருக்கிறது. அது எனக்குப் பிடிக்காதவருக்கு விழுந்த ஓட்டு. அதை எண்ணினார்கள்.