டுபாக்கூர் அக்கா

அந்த ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டுபாக்கூர் அக்கா என்றால்தான் தெரியும். பட்டம் அவளாகத் தேடிக்கொண்டது. மூன்றே நாளில் நின்றுபோன சுவர்க் கடிகாரம் டுபாக்கூர், லிஃப்ட் ரிப்பேர்காரர் சொல்லும் 'நாளைக்கு' டுபாக்கூர், வீட்டுக்காரர் லீவு போடுவதற்காக இருமும் இருமலும் டுபாக்கூர். போலி என்று சொன்னால் அவளுக்கு வாய் நிறையாது.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சாப்பாட்டு வேளையில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். இரண்டு பாஷை பேசி இரண்டு பக்கமும் கதைவிட்ட துபாஷிகளால் வந்தது என்பார் எக்ஸ்ரே எடுப்பவர். அதெல்லாம் இல்லை, எவனோ ஒரு மோசடிக்காரனின் பேர் அது என்று ஆம்புலன்ஸ் டிரைவர் அடித்துச் சொல்வார். ஆதாரம் ஒருத்தரிடமும் கிடையாது. ரெண்டும் பேட்ச் நம்பர் இல்லாத சரக்கு, உள்ளே எடுக்க மாட்டேன் என்று டிபன் பாக்ஸை மூடுவாள் அக்கா.

ஆனால் வேலையில் விளையாட்டே கிடையாது. எந்தப் பெட்டி வந்தாலும் குப்பியில் அச்சடித்த எண்ணைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். கம்பெனி அச்சு அவ்வளவு லேசில் உரியாது.

அன்று காலை அவளுடைய நாத்தனாரை மூன்றாவது மாடியில் சேர்த்திருந்தார்கள். காலில் புண் சீழ்பிடித்துக் காய்ச்சல் அனலாய் அடித்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவளைத் தாங்கிய மனுஷி. அந்த அவசரத்தில், அப்போது வந்திறங்கிய ஊசி மருந்தைச் சுரண்டிப் பார்க்காமலே, பதிவேட்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மத்தியானம் கீழே வந்தவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு குப்பியை எடுத்துச் சுரண்டினாள். எண் அப்படியே நகத்தோடு வந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் வந்தது. அந்தப் பெட்டியிலிருந்து காலையிலேயே இரண்டு குப்பி மேலே போயிருப்பதாகப் பதிவேடு சொன்னது. எதிரே நாத்தனாரின் படுக்கை எண்.

லிஃப்ட் வரவில்லை. படியேறி மூச்சிரைக்கப் போய் நின்றபோது, நாத்தனார் காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தார். நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். அது டுபாக்கூர், போடாதே என்றாள் அக்கா. நர்ஸ் சிரித்தாள். போன வாரம் வந்த தெர்மாமீட்டரையும் நீங்கள் அப்படித்தான் சொன்னீர்கள், அது இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டே பஞ்சால் நாத்தனாரின் கையைத் துடைத்தாள். ஆயுசு முழுக்கக் கூட இருந்த சொல், கண்டதுக்கெல்லாம் வாரியிறைத்ததில், வேண்டிய நேரத்தில் காலை வாரிவிட்டது.

"சிஸ்டர், அது மருந்தே இல்ல. நான் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

நர்ஸின் கை நின்றது. ஒரு குப்பி காலையிலேயே ஏறிவிட்டதே என்றாள்.

டாக்டர் வந்தார். பெட்டி முழுவதையும் ஒதுக்கி வைக்கச் சொல்லி, வேறு மருந்து எழுதினார். அரை நாள் வீணாகிவிட்டது, அந்தக் குப்பியில் என்ன இருந்தது என்று சோதித்துத்தான் சொல்ல முடியும், நாளைக்குள் காய்ச்சல் இறங்கினால் காலைக் காப்பாற்றலாம் என்றார். அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

புது மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அதன் குப்பியின் எண்ணை அக்கா மூன்று தடவை சுரண்டிப் பார்த்துவிட்டாள், உரியவில்லை. சாயங்காலம் நாத்தனார் கண் திறந்து இவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, மூஞ்சியே சரியில்ல. எனக்குப் போட்டது டுபாக்கூர் மருந்தா?" என்றார், விளையாட்டாகத்தான்.

"சேச்சே, எல்லாம் ஒரிஜினல் அண்ணி. நானே பாத்துதான் வாங்கினேன்."

நாத்தனார் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இன்னும் சுட்டது.